பெயருக்கு முன்னால் ஒரு சொல்

நஸ்லத் தூமா, மின்யா
30 ஜனவரி 1997

லபீப் அண்ணாவுக்கு,

தொலைபேசியில் நீ போட்ட சத்தத்தில் தபால் நிலையத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேசி முடிப்பதற்குள் வைத்தும் விட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். நாளை ஜோர்டானுக்கு, நீ இருக்கும் அம்மான் நகருக்கு, பஸ் ஏறும் ஹெல்மியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவனிடம் விஷயம் எதுவும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

தாத்தாவை அடக்கம் செய்து எட்டு நாள் ஆகிறது. முதலாளி பாஸ்போர்ட்டைத் தராததால் உன்னால் வர முடியவில்லை. அதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. சவப்பெட்டியைத் தூக்க ரயில்வேக்காரர்கள் போட்டி போட்டார்கள். மசூதி இமாமும் கல்லறை வரை நடந்து வந்தார். ரயில் வரும் நேரம் என்று கேட்டை மூடியிருந்தார்கள். ஊர்வலம் நின்று, கடைசிப் பெட்டி போகும்வரை காத்திருந்துதான் தண்டவாளத்தைக் கடந்தது. முப்பத்தாறு வருடம் அதே கேட்டில் ஊரையே காக்க வைத்த கேட்கீப்பருக்கு வேறு எப்படி வழி விடுவார்கள்? அழுதுகொண்டே சிரித்தேன்.

மார்ச் இரண்டாம் தேதி நாற்பதாம் நாள். அதற்குள் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும், கல்லறைக்குக் கல் கொத்தக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் தாத்தாவின் பெயருக்கு முன்னால் 'முகத்தஸ்' என்று போடக் கூடாது. ஜெருசலேம் போய் வந்தவருக்குத்தான் நம் ஆட்கள் அந்தப் பட்டம் கொடுப்பார்கள். தாத்தா போகவில்லை.

ஞானஸ்நானத் திருநாளன்று சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் இறங்கி நன்றாகப் பேசினார். கரும்புத் துண்டு கேட்டார், மெல்ல முடியாமல் சப்பினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அறுபத்தேழு ஏப்ரலில் நம் ஊரிலிருந்து கிளம்பியது இரண்டே பேர். ஒருவர் தாத்தா. இன்னொருவர் நம் கோவில் பாடகர் அரீஃப் பிஸ்தவ்ரோஸ், பிறவிக் குருடர். அலெக்சாந்திரியாவில் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் அரீஃப் சத்திரத்துப் படியில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். நீ போ, நீ போ என்று தாத்தாவை விரட்டினாராம். தாத்தா போகவில்லை. கப்பல் ஊதிய சங்கு ஆஸ்பத்திரி வரை கேட்டதாம். இருபத்தாறு நாள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தார்.

ஜெருசலேமிலிருந்து திரும்பிவந்த மின்யா கூட்டத்தோடு அதே ரயிலில் இவர்களும் ஏறினார்கள். நம் ஸ்டேஷனில் மேளம், குருத்தோலை, பெண்களின் குலவை. இறங்கும் முன்பே ஊர் 'முகத்தஸ்' என்று கூப்பிட்டுவிட்டது. அரீஃப் தாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, "வாயத் திறக்காத கலீனி. அடுத்த வருஷம் நிஜமாவே போயிடுவோம். அப்ப இது பொய்யில்ல" என்றாராம். ஒரு மாதத்தில் யுத்தம். ஜெருசலேம் எதிரி கைக்குப் போய், வழி மூடிவிட்டது. பிறகு திருச்சபையே யாரும் போகக் கூடாது என்றுவிட்டது.

தாத்தா கடைசியில் சொன்னது இதுதான்: "உசுரோட இருக்கிறவரைக்கும் சுமந்துட்டேன். கல்லு மேல ஏத்தாத தமியானா."

நான் ஏற்ற மாட்டேன்.

தமியானா


அம்மான்
6 பிப்ரவரி 1997

வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. செத்துப்போன மனுஷனின் நோட்டையும் சிவப்பு மையால் திருத்த ஆரம்பித்துவிட்டாய்.

எண்பதைத் தொடப் போகிற கிழவர், காய்ச்சலில் பத்து நாள் கிடந்தவர், எதையோ எதனோடோ சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். ஒரு பிள்ளை கணக்கில் தப்புச் செய்தால் அதன் அம்மாவையும் கூப்பிட்டு நிற்க வைப்பவள்.

யோசித்துப் பார். நம் வீட்டுக்கு ஊரில் என்ன பெயர்? முகத்தஸ் வீடு. உன் கல்யாணப் பத்திரிகையில் என்ன போட்டோம்? முகத்தஸ் கலீனி மிகாயீலின் பேத்தி. இங்கே என்னோடு ஒரே அறையில் படுக்கும் ஆறு பேரும் நம் பக்கத்து ஆட்கள். நான் டைல்ஸ் கோணலாக வைத்தால்கூட, முகத்தஸ் பேரன் அப்படி வைக்க மாட்டானே என்று கிண்டல் செய்கிறார்கள். அந்தப் பேச்சில்தான் என் ஊர் இருக்கிறது. நாளைக்கு இவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

நம் விஷயத்தை விடு. அரீஃபின் மகள் சனீயா அத்தையை நினைத்தாயா? அரீஃப் கால் கட்டோடு இறங்கினார், அது ஊருக்கே தெரியும். ஜெருசலேமில் ஆண்டவரின் கல்லறைக் கோவில் படியில் விழுந்ததாகச் சொன்னார். அந்த மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது ஆளுக்கொரு துண்டு வாங்கிப் போனார்கள். சனீயா அத்தை இன்னும் ஒரு துண்டை மாதா படத்துக்குப் பக்கத்தில் பட்டுத்துணியில் வைத்திருக்கிறார். பிரசவ வலி வந்த பெண்களுக்கு அதைத் தொடக் கொடுக்கிறார். நீ பிறந்தபோதுகூட அம்மாவின் வயிற்றில் வைத்தார்கள். அது அலெக்சாந்திரியா ஆஸ்பத்திரிச் சுண்ணாம்பு என்று போய்ச் சொல்லப் போகிறாயா?

தாத்தாவை எனக்கும் தெரியும். அப்பா போன பிறகு உனக்கு ஸ்டேஷன் பச்சைக்கொடித் துணியைக் கிழித்து ஜடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். ஒரு பக்கம் காதுக்கு மேலே, ஒரு பக்கம் தோளுக்குக் கீழே. அந்த மனுஷனால் முப்பது வருடம் பொய் சொல்லியிருக்க முடியாது.

அத்தாட்சி இருந்தால் காட்டு. இல்லையென்றால் வாயை மூடு.

லபீப்


நஸ்லத் தூமா
12 பிப்ரவரி 1997

அண்ணா,

அத்தாட்சி கேட்டாய். தாத்தாவின் தகரப்பெட்டியில் பழைய பாஸ்போர்ட் இருக்கிறது. ஜெருசலேம் அப்போது ஜோர்டான் கையில் இருந்ததால் ஜோர்டான் விசா இருக்கிறது, கப்பல் போய் இறங்கும் லெபனானின் விசாவும் இருக்கிறது. கப்பல் ஏறிய முத்திரை இல்லை, இறங்கிய முத்திரையும் இல்லை. பக்கம் எதுவும் கிழியவில்லை, எண்ணிப் பார்த்தேன். நீ கேட்பாய் என்று தெரியும்.

இன்னொன்று. யாராவது "முகத்தஸ்" என்று கூப்பிட்டால் தாத்தா என்ன சொல்வார்? "ஆண்டவர் வழி விடட்டும்." எவ்வளவு பக்தி என்று ஊர் மெச்சியது. போகாதவன் சொல்கிற பதிலை முப்பது வருடம் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார், நாம் யாரும் காதில் வாங்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை அண்ணா. ஊர் சொன்னது, அவர் மறுக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவரே நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை.

அரீஃப் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு ஞாயிறும் அவரைக் கையைப் பிடித்துக் கோவிலுக்குக் கூட்டிப்போனது தாத்தாதான். பன்னிரண்டு வருடம். இரவு வேலை முடித்துத் தூங்காமல் போவார். திருப்பலியில் நின்றுகொண்டே தூங்குவார், அரீஃப் முழங்கையால் இடிப்பார். கண் தெரியாதவர் இவரை எழுப்புகிறாரே என்று நாம் சிரிப்போம். அரீஃப் செத்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "செத்தவன் வந்து பதில் சொல்ல முடியாதேம்மா" என்றார். அப்படிப்பட்டவர்தான் தன் விஷயத்தில் மட்டும் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். ஒன்றே ஒன்று.

கல் கொத்துகிற மக்காரி வீட்டுக்கு நேற்றே போனேன். பெயர் மட்டும் எழுதிக் கொடுத்தேன். எதையோ விட்டுவிட்டீர்களே டீச்சர் என்றார். விடவில்லை என்றேன். பெயருக்கு முன்னால் இடம் விட்டுத்தான் கொத்துவேன், பிறகு ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். விடட்டும்.

சனீயா அத்தையைப் பற்றிச் சொன்னாயே, அது என்னை உறங்கவிடவில்லை. அதில் நீ சொல்வது சரி. ஊர் கேட்பதற்கு முன் அவர் என் வாயால் கேட்க வேண்டும். யோனா உபவாசம் முடிந்ததும் போகிறேன்.

தமியானா


அம்மான்
18 பிப்ரவரி 1997

தமியானா,

இன்று உபவாசத்தின் இரண்டாம் நாள். மூன்று மாடி மொட்டை மாடிக்கு டைல்ஸ் ஏற்றிவிட்டு, வெறும் வயிற்றோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் வேறு கப்பல் ஏறியவனைப் பற்றிய உபவாசம். நம் தாத்தா கப்பலே ஏறவில்லை. சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

உனக்கு இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். தொண்ணூற்றைந்தில் தாத்தா இங்கே வந்து பதினைந்து நாள் இருந்தார் அல்லவா? ஒரு வெள்ளிக்கிழமை அவரை நேபோ மலைக்குக் கூட்டிப்போனேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. சாக்கடலுக்கு அப்பால் ஜெருசலேம் வரை எல்லாம் தெரிந்தது. தாத்தா நெடுநேரம் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "எதுடா அது? அந்த மேடா, அதுக்குப் பின்னாடி தெரியிறதா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். போய் வந்த ஆளுக்கே மறந்துவிட்டதா என்றேன்.

"போனவன் மறக்க மாட்டான்டா" என்றார்.

நான் ஏதோ வேதாந்தம் பேசுகிறார் என்று நினைத்தேன். இப்போது எல்லைப் பாலம் திறந்திருக்கிறது, ஒரு மணி நேரப் பயணம், நான் கூட்டிப்போகிறேன் என்றேன். சபை சொல்லாமல் போக மாட்டேன் என்றுவிட்டார். ஒருமுறை பார்த்தவருக்கு இரண்டாம் முறை எதற்கு என்று எனக்குக் கோபம் வந்து, திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். களைப்பு என்று நினைத்தேன். முகத்தை நான் பார்க்கவே இல்லை தமியானா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பார்க்கவில்லை.

நீ சொல்வது உண்மை. பட்டத்தை எடு.

ஆனால் ஒன்று. அரீஃபின் பெயரை இதில் இழுக்காதே. நம் தாத்தா போகவில்லை, அவ்வளவுதான், அதோடு நிறுத்து. அரீஃப் நம் வீட்டுச் சொத்து இல்லை. சனீயா அத்தையிடம் போகாதே.

லபீப்


நஸ்லத் தூமா
28 பிப்ரவரி 1997

அண்ணா,

உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே சனீயா அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன்.

எனக்குக் காபி போட்டு வைத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவே இல்லை. முடித்ததும் எழுந்துபோய் மாதா படத்துக்கு முன்னால் என் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். பட்டுத்துணியை எடுத்துத் தன் மார்புச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார், நான் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்பதுபோல.

"உன் தாத்தன் பட்டத்த நீ என்ன வேணா பண்ணிக்க. எங்கப்பா பேரு உன் வாயிலேருந்து வரக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றார்.

சத்தியம் செய்தேன். எழுபத்து நான்கு வயது அத்தை முன்னால் வேறென்ன செய்வேன்? என் வீட்டு வாசலை இனி மிதிக்காதே என்றார். காபியைக் குடிக்காமல் வந்தேன். ஆக, நீ கேட்டதும் அவர் கேட்டதும் ஒன்றுதான். இரண்டு பேரும் நிம்மதியாக இருங்கள்.

இனி சிரி. அறிவிப்பை நான் மின்யாவுக்கே போய்ச் செய்தித்தாள் ஏஜெண்டிடம் என் கையால் எழுதிக் கொடுத்தேன். "கலீனி மிகாயீல், ரயில்வே கேட்கீப்பர் (ஓய்வு)" என்று தொடங்கி, அப்பா பெயர், உன் பெயர், என் பெயர், மின்யாவிலும் கெய்ரோவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும், அவரவர் வேலையோடு. ஒருவரை விட்டாலும் சண்டை என்று நான்கு முறை சரிபார்த்தேன். நேற்று வந்திருக்கிறது. 'முகத்தஸ் கலீனி மிகாயீல்'. போய்க் கேட்டால் அந்த ஆள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "டீச்சர் துக்கத்துல மறந்துட்டீங்க. நானே சேத்துட்டேன். சின்னப் புள்ளையில அந்த கேட்டுல நின்னு அவர்கிட்ட எத்தன திட்டு வாங்கியிருக்கேன்" என்கிறார். நன்றி வேறு எதிர்பார்த்தார். சொல்லித் தொலைத்தேன்.

எழுதிக் கொடுத்தால் ஊர் தானே திருத்திக்கொள்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை, நாற்பதாம் நாள் திருப்பலி முடிந்து எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது, நானே எழுந்து வாயால் சொல்லப் போகிறேன். கோவில் சாமியார் அபூனாவிடம் இரண்டு நிமிடம் கேட்டிருக்கிறேன். பெண்கள் அங்கே பேசுவது வழக்கமில்லையே என்று இழுத்தார். வழக்கமாக நடப்பதைச் செய்யத்தான் முப்பது வருடம் போய்விட்டது அபூனா என்றேன். சரி என்றார்.

தமியானா


நஸ்லத் தூமா
6 மார்ச் 1997

அண்ணா,

சொல்லிவிட்டேன். அது நல்லபடி முடியவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. மறுநாள் பெரிய உபவாசம் தொடங்குவதால் வெளியூர்க்காரர்கள்கூட வந்திருந்தார்கள். சனீயா அத்தை வரவில்லை. அபூனா தாத்தாவைப் பற்றி அழகாகப் பேசினார். ஒரு நாளும் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் கேட்டைத் திறந்ததில்லை, ஊர்த் தலைவரின் கார் ஹாரன் அடித்தபோதும் திறக்கவில்லை என்றார். சிரித்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். பிறகு நான் எழுந்தேன். "எங்க தாத்தா ஜெருசலேம் போகல. அலெக்சாந்திரியாவோட நின்னுட்டார். அவர் பேருக்கு முன்னால அந்தப் பட்டம் வேண்டாம்னு அவரே என்கிட்ட சொல்லிட்டுப் போனார். இனி யாரும் அப்படிச் சொல்ல வேண்டாம்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

சர்க்கரையில்லாத காபி வந்தது, குடித்தார்கள், போனார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. நான் யோசிக்காத ஒன்றை ஊர் யோசித்துவிட்டது, அண்ணா. கிளம்பியது இரண்டு பேர். கலீனி அலெக்சாந்திரியாவில் நின்றுவிட்டான். அப்படியென்றால் அரீஃப் தனியாகத்தானே போயிருக்க வேண்டும்? கண் தெரியாத மனுஷனைக் கப்பலில் தனியாக ஏற்றிவிட்டு இவன் கடற்கரையில் சுற்றியிருக்கிறான். துணைக்கு ஆளில்லாமல்தான் அரீஃப் அங்கே படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் பிறகு பன்னிரண்டு வருடம் கையைப் பிடித்துக் கோவிலுக்குக் கூட்டிப்போனான். எல்லாம் எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பார். கணக்கு வாத்தியார் எனக்கே அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுப்புக்கரி வாங்கப் போன இடத்தில் ஒரு கிழவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "பொய்ப் பட்டம்கூடப் பரவாயில்லம்மா. குருடனை விட்டுட்டு ஓடினவன் கையாலயா முப்பது வருஷம் நான் சலாம் வாங்கினேன்?"

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தாத்தா கேட்டதைச் செய்தேன், அதனாலேயே அவரைக் கெட்டவராக்கிவிட்டேன்.

தமியானா


அம்மான்
13 மார்ச் 1997

தமியானா,

இந்த நிமிடமே போய் முழுதையும் சொல். மண்டபத்தில் சொல், சந்தையில் சொல், கேட்டில் நின்று சொல். ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, சத்திரத்துப் படி எல்லாவற்றையும் சொல்.

அரீஃபை இழுக்காதே என்று சொன்னவன் நான்தான். தெரியும். அப்போது தாத்தாவுக்குப் பட்டம்தான் போகும் என்று நினைத்தேன், மானம் போகும் என்று நினைக்கவில்லை. இங்கேயும் செய்தி வந்துவிட்டது. ஹெல்மி நேற்றுச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்திலிருந்து எழுந்து போனான். அவன் அரீஃபுக்குத் தூரத்துச் சொந்தம். அவனைப் பிடித்துச் சுவரில் சாய்த்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். உன் சத்தியம் ஞாபகம் வந்து கையை விட்டேன்.

சத்தியம் நீ செய்தது, நான் செய்யவில்லை. நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன். பதில் எழுது.

லபீப்


நஸ்லத் தூமா
18 மார்ச் 1997

அண்ணா,

மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது.

இருபத்தாறு நாள் தரையில் படுத்தது அரீஃபுக்காக. முப்பது வருடம் அந்தப் பட்டத்தைச் சுமந்ததும் அரீஃபுக்காக. இப்போது தாத்தாவைக் காப்பாற்ற அரீஃபைக் காட்டிக்கொடுத்தால், தாத்தா செய்த அத்தனையையும் நாமே கலைத்ததாகும். ஊர் அவரைத் திட்டுகிறது, எனக்குக் காது கேட்கிறது. தினமும் பள்ளிக்கூடத்துக்கு அதே தெரு வழியாகத்தான் போகிறேன், வேறு வழியைத் தேடவில்லை. திட்டுவதை நான் தாங்கிக்கொள்கிறேன். நீயும் தாங்கு.

அது சனீயா அத்தையின் அப்பா. சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம்.

தமியானா


நஸ்லத் தூமா
31 மார்ச் 1997

அண்ணா,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுத் திருப்பலி முடிந்து அபூனா எல்லோருக்கும் ஆசீர்வாத ரொட்டி கொடுக்க வெளியே வந்தார். பெண்கள் வரிசையில் நான் கடைசியில் நின்றிருந்தேன், இப்போதெல்லாம் எனக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிற்கிறார்கள். சனீயா அத்தை தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் போனார். ரொட்டி வாங்கவில்லை. திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்து நின்றார். அபூனா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கப்பா ஜெருசலேம் போகல. அலெக்சாந்திரியாவுல சத்திரத்துப் படியில விழுந்து கால உடைச்சுக்கிட்டார். கலீனி கப்பல விட்டுட்டு அவர் பக்கத்துல உக்காந்துட்டான். இருபத்தாறு நாள். மூத்திரச் சட்டி எடுத்துப் போட்டது அவன். போய்ட்டு வந்தோம்னு பொய் சொன்னது எங்கப்பா. வாய மூடிக்கிட்டது கலீனி. இத இந்தப் பொண்ணு எனக்குச் சொன்னா, நான் அவ வாயக் கட்டிட்டேன். கட்டின வாயோட அவ நாலு வாரமா உங்க எல்லார் பேச்சையும் கேட்டுட்டு இருக்கா. எனக்குத்தான் பொறுக்கல."

ஒரு பிள்ளை அழுதது. அத்தை அதோடு விடவில்லை. கரி வாங்கும் இடத்தில் என்னைப் பேசிய கிழவரைத் தேடிப் பிடித்துப் பார்த்து, பேர் சொல்லி, "வீட்ல இருக்கிற மாவுக்கட்டத் தூக்கிப் போடணும்னா போட்டுக்க. நான் போட மாட்டேன். அதுல எங்கப்பா காலும் இருந்துச்சு, கலீனி கையும் இருந்துச்சு. அது போதும் எனக்கு" என்றார். பிறகு ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். தெருவில் எட்டிப் பிடித்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் கையை எடுத்து முத்தமிட்டேன். கையைப் பிடுங்கிக்கொண்டார். எங்கப்பாவின் பெயரை இன்று ஊர் முன்னால் நானே உடைத்திருக்கிறேன், அது உன்னால்தான், உன்னோடு எனக்குச் சமாதானம் இல்லை என்றார். சரி என்றேன். அவர் சொன்னது நியாயம். பத்தடி போய் நின்றார். மக்காரி கல்லை முடித்துவிட்டானா என்று கேட்டார். பெயர் கொத்தியாகிவிட்டது என்றேன். காட்டு என்றார்.

அப்படியே மக்காரி வீட்டுக்குப் போனோம். கல் முற்றத்தில் சாய்த்து வைத்திருந்தது. அத்தைக்கு எழுத்து நன்றாகத் தெரியாது, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பெயருக்கு முன்னால் வெறுமையாக இருந்த இடத்தில் விரல் நின்றது. இங்கே என்ன என்றார். ஒன்றுமில்லை அத்தை, அங்கேதான் பட்டம் இருக்க வேண்டும், அது அவருக்கு வேண்டாம் என்றேன்.

அத்தை விரலை அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை.

"முகத்தஸ் நம்ம பக்கத்துல ஊருக்கு நாலு பேர் இருக்கான்" என்றார். "எழுதுடா மக்காரி. 'கூட இருந்தவர்.' கூட இருந்தவர் கலீனி மிகாயீல்."

மக்காரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தயங்கினார். என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். எங்கே எவ்வளவு பெரிதாகக் கொத்துவது என்று தெரிய வேண்டுமல்லவா, அதனால்தான் கேட்கிறேன், இது பட்டமா என்று கேட்டார்.

"ஆமா, பட்டம்தான்" என்றார் சனீயா அத்தை.

தமியானா